காவலாளி கையில் சாவி எதற்கு?

நமது செங்கற்பட்டு ஜில்லாவில் இன்று கதவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கதவின் முன்னே திகைத்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். நாம் சொல்வது மரக் கதவு அன்று. கம்ப்யூட்டரில் நமது கணக்கினுள் புக முயலும்போது, "நீ யார்? உன் இரகசியச் சொல் யாது?" என்று கேட்டு நிறுத்துகிறதே, அந்தக் கதவைத்தான் சொல்கிறோம். சிறுசேரி சிப்காட் பூங்காவிலும், பரனூரை அடுத்த மகேந்திரா வேர்ல்ட் சிட்டியிலும் ஆயிரக்கணக்கான நமது வாலிபர்கள் உட்கார்ந்து, தேச தேசாந்தரங்களிலுள்ள பாங்குகளுக்கும் வர்த்தக ஸ்தாபனங்களுக்கும் வேண்டிய கம்ப்யூட்டர் வேலைகளைச் செய்து கொடுக்கிறார்கள். இத்தகைய கதவுகளும் அவ்வேலைகளில் அடக்கம்.

அங்கிருந்து பஸ் ஏறித் தெற்கே வந்தால் மாமல்லபுரம் கடற்கரை. சதுரங்கப்பட்டினத்து மீனவருக்குத் தடைக்கால நிவாரணத் தொகை பாங்குக் கணக்கில்தான் வந்து விழுகிறது. மதுராந்தகத்து விவசாயி தமது நெல்லைச் சர்க்கார் கொள்முதல் நிலையத்தில் போட வேண்டுமானால் முன்கூட்டி இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். செங்கற்பட்டு ஜங்ஷனில் ரயில் ஏறும் மாணவன் டிக்கெட்டைக் கைபேசியிலே வாங்குகிறான். பணம், பதிவு, பிரயாணம் எல்லாம் இன்று இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் வாசலில் ஜனங்கள் பாஸ்வேர்டு என்று வழங்கும் கடவுச்சொல் நிற்கிறது.

தாமாகத் தட்டெழுதத் தெரியாதவர் என்ன செய்கிறார்? கடைத்தெருவிலுள்ள பிரௌஸிங் சென்டருக்குப் போகிறார். அங்குள்ள பிள்ளை அவருக்காக ஒரு கணக்கைத் தொடங்கி, ஒரு கடவுச்சொல்லையும் தானே வைத்து, "அடுத்த முறை வரும்போது மறந்துவிடுவீர்கள், ஐயா" என்று சொல்லி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர், தொலைபேசி எண், கடவுச்சொல் ஆகிய மூன்றையும் வரிசையாக எழுதி வைத்துக்கொள்கிறான். இத்தகைய நோட்டுப் புத்தகங்களை நாமே கண்டிருக்கிறோம். அப்பிள்ளையின் நோக்கத்தில் களங்கமில்லை. ஆயினும் அந்த ஒரு நோட்டு திருட்டுப் போனால் ஓர் ஊரே திருட்டுப் போனதற்குச் சமம் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

படித்தவர்கள் இதைக் கேட்டு நகைப்பார்கள். நகைப்பதற்கு முன் ஒன்றை அவர்கள் அறிய வேண்டும். உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகள் சிலவும் இதே நோட்டுப் புத்தகத்தைத் தங்கள் யந்திரங்களுக்குள் வைத்திருந்தன. கிராமத்துப் பிள்ளையின் நோட்டில் நூறு பெயர் இருக்கும். அவர்களுடைய நோட்டில் கோடிக்கணக்கில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவே.

நோட்டுப் புத்தகத்தின் சரித்திரம்

கடவுச்சொல்லைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வராகக் கருதப்படுபவர் அமெரிக்காவில் மாஸாச்சுஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவர். ஒரே யந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்து உபயோகிக்கும் முறையை அவரும் அவருடைய சகாக்களும் 1961-ம் வருஷத்தில் செய்து காட்டினார்கள். ஒருவருடைய கோப்பில் மற்றொருவர் கை வைக்கலாகாது என்பதற்காக ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்தார்கள். அச்சொற்கள் யாவும் யந்திரத்திற்குள் ஒரு கோப்பில், எவரும் வாசிக்கக்கூடிய எழுத்திலேயே கிடந்தன.

விளைவு வெகு சீக்கிரம் தெரிந்தது. 1962-ல் அங்கே ஆராய்ச்சி செய்துவந்த ஆலன் ஷெர் என்பவர், தமக்கு அளிக்கப்பட்ட யந்திர நேரம் போதாமையால், அந்தக் கோப்பை அச்சிட்டுத் தரும்படி யந்திரத்திற்கே கட்டளையிட்டு, எல்லாருடைய சொற்களையும் பெற்றுக்கொண்டார். இதைப் பின்னாளில் அவரே வெளியிட்டார். 1966-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. அன்றாடம் எல்லாருக்கும் காட்டப்படும் அறிவிப்புக் கோப்பும் கடவுச்சொற்களின் கோப்பும் ஒரு பிழையினால் ஒன்றற்கொன்று இடம் மாறிவிட்டன. அன்று உள்ளே நுழைந்தவர்கள் எல்லாருக்கும் ஊரார் அனைவருடைய இரகசியமும் வரவேற்புப் பத்திரம் போலக் காட்சி தந்தது!

ஆரம்ப காலத்துப் பிழை என்று இதை மன்னித்துவிடலாம். ஆனால், 2009 டிசம்பரில் ராக்யூ என்னும் அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் வாசிக்கக்கூடிய எழுத்திலேயே களவாடப்பட்டன. 2019 மார்ச்சில் பேஸ்புக் கம்பெனி, கோடிக்கணக்கானவர்களின் கடவுச்சொற்கள் தனது உள்யந்திரங்களில் வாசிக்கக்கூடிய எழுத்தில் பதிவாகிக் கிடந்ததை ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய அறுபது வருஷ அனுபவத்திற்குப் பின்னும் அதே நோட்டுப் புத்தகம்!

அறியாமலே அறிவது

இதற்கு மாற்று இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அதுவும் நெடுங்காலமாக இருக்கிறது. சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமலே, சொன்ன சொல் சரியா தப்பா என்று காவலாளி கண்டுபிடிக்க முடியும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரோஜர் நீடம் என்பவர் 1960-களிலேயே இவ்வழியைக் காட்டினார். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் ஆகிய இருவரும் அதை வளர்த்து, தங்கள் அனுபவத்தை 1979-ல் ஒரு கட்டுரையாக எழுதி வெளியிட்டார்கள்.

விஷயம் மிக எளியது. அரிசியை மாவாக அரைத்துவிட்டால், மாவிலிருந்து அரிசியை மீட்க முடியுமா? முடியாது. அதுபோல, நாம் கொடுக்கும் சொல்லைக் கணித எந்திரம் ஒன்றில் இட்டு அரைக்கிறார்கள். ஒரே சொல்லை எத்தனை முறை இட்டாலும் ஒரே மாவுதான் விழும். ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் வேறு மாவு விழும். நிபுணர்கள் இதற்கு 'ஹாஷ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். காவலாளி அரிசியை அப்போதே எறிந்துவிட்டு, மாவை மாத்திரம் கணக்கில் எழுதிக்கொள்கிறான். மறுநாள் நாம் வந்து சொல்லைச் சொன்னால், அதை மறுபடி அரைத்து, நேற்றைய மாவோடு ஒத்துப்பார்க்கிறான். ஒத்திருந்தால் கதவு திறக்கிறது. ஒத்துப்பார்த்த பின் சொல்லை மறந்துவிடுகிறான். அவனை மிரட்டினாலும், விலைக்கு வாங்கினாலும், அவன் கணக்கையே தூக்கிக்கொண்டு போனாலும், சொல் அங்கே இல்லை.

இதில் ஒரு குறை உண்டு. இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்தால் ஒரே மாவு விழுமல்லவா? ஜனங்கள் வழக்கமாக வைக்கும் சொற்களை ஒரு திருடன் லட்சக்கணக்கில் முன்கூட்டியே அரைத்துப் பட்டியல் வைத்துக்கொண்டால், களவாடிய கணக்கை அப்பட்டியலோடு ஒப்பிட்டுச் சொற்களைக் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே மாரிஸும் தாம்ஸனும் ஒரு யுக்தி செய்தார்கள். அரைப்பதற்கு முன், ஆளுக்கொரு விதமாக, குருட்டாம்போக்கில் எடுத்த ஒரு சிறு எண்ணைச் சேர்த்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் உப்பு! மாமல்லபுரத்திலிருந்து சிறுசேரிக்குப் போகிறவர்கள் கேளம்பாக்கத்து உப்பளங்களை அறிவார்கள். அவ்வழியே தினமும் வேலைக்குப் போகும் வாலிபர்கள், தங்கள் தொழிலிலும் ஒரு சிட்டிகை உப்பு இன்றியமையாதது என்பதை மறவாதிருப்பார்களாக. அன்று அவர்கள் இட்ட உப்பில் 4,096 வகையே உண்டு; இன்றைய முறைகளில் எண்ணி முடியாத வகைகள் உண்டு. உப்பு இரகசியமாக இருக்க வேண்டுவதில்லை. ஒருவருக்கு இட்டதை மற்றொருவருக்கு இடாதிருந்தால் போதும். முன்கூட்டி அரைத்த பட்டியல் பயனற்றதாகிவிடும்.

மூன்றாவதாக ஒன்று. எந்திரம் மெதுவாக அரைக்க வேண்டும். எதிலும் வேகத்தை விரும்பும் நமக்கு இது விநோதமாகத் தோன்றும். ஆனால் வாசலில் வரும் யோக்கியன் ஒரு முறைதான் அரைக்க வேண்டும். அரை நொடி தாமதம் அவனுக்குத் தெரியாது. திருடனோ கோடிக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாக அரைத்துப் பார்க்க வேண்டும்; அவனுக்கு அரை நொடி என்பது ஆயுட்காலம். எம்.டி.5 போன்ற பழைய வேக எந்திரங்களை இன்றைய யந்திரம் ஒன்று நொடிக்குப் பல நூறு கோடி தடவை சுழற்றிவிடும். இதற்கென்றே 1999-ல் நீல்ஸ் ப்ரோவோஸ், டேவிட் மாஸியேர் என்னும் இருவர் பி-கிரிப்ட் என்ற மெதுவான எந்திரத்தை அமைத்தார்கள். யந்திரங்களின் வேகம் வளர வளர அதன் பளுவையும் ஏற்றிக்கொள்ளலாம். 2015-ல் சர்வதேசப் போட்டி ஒன்றில் ஆர்கான்-2 என்பது முதற்பரிசு பெற்றது. இவையெல்லாம் விலையின்றிக் கிடைப்பவை. ஆகவே பணமில்லை என்று எந்த ஸ்தாபனமும் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஒருவர் நோட்டு, மற்றொருவர் நஷ்டம்

நமது தேசத்திலேயே நடந்த ஒரு விஷயத்தைக் கவனிப்போம். 2017 மே மாதத்தில், உணவு விடுதிகளைப் பற்றிய செய்திகளைத் தரும் ஜொமாட்டோ கம்பெனியிடமிருந்து 1 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் களவு போயின. களவு எப்படி நேர்ந்தது என்பதைக் கம்பெனியே பின்னர் வெளியிட்டது. அயல்நாட்டு இணைய ஸ்தாபனம் ஒன்று, தனது வாடிக்கைக்காரர்களின் கடவுச்சொற்களை அரைக்காமல் வைத்திருந்து, 2015-ல் அவற்றைப் பறிகொடுத்தது. ஜொமாட்டோவில் வேலை பார்த்த ஒருவர் அங்கே ஒரு கணக்கு வைத்திருந்தார். அதே சொல்லைத் தம் கம்பெனியின் நிரல்கள் இருந்த வேறோர் இடத்திற்கும் வைத்திருந்தார். அந்தச் சொல் திருடனுக்கு உள்ளே செல்லும் வழியாயிற்று. களவு போனவற்றில் 66 லட்சம் பேரின் அரைத்த மாவும் இருந்தது. உப்பு இட்டிருந்தார்கள், ஆனால் அரைத்தது வேக எந்திரத்தில். ஆகவே, முயன்றால் கண்டுபிடிக்கப்படலாம் என்று கம்பெனியே எச்சரிக்க நேர்ந்தது.

இதனின்றும் நாம் அறிவது யாது? ஒரு வீட்டுக்காரர் சாவியை வாசற்படியில் போட்டு வைத்தால், அவர் வீடு மட்டும் கொள்ளை போவதில்லை. அதே சாவியால் திறக்கும் எல்லா வீடுகளும் போகின்றன. ஜனங்கள் ஒரே சொல்லைப் பல இடங்களில் வைப்பது தவறுதான். ஆயினும் மனித இயல்பு அது. ஐம்பது சொற்களை ஞாபகத்தில் வைப்பது யாராலும் ஆகாது. அந்த இயல்பை அறிந்தே காவலாளி நடந்துகொள்ள வேண்டும்.

ஜனங்கள் எளிய சொற்களைத்தான் வைப்பார்கள் என்பதும் புதிய செய்தியன்று. மாரிஸும் தாம்ஸனும் 3,289 கடவுச்சொற்களைச் சோதித்ததில் 2,831 சொற்கள், அதாவது நூற்றுக்கு 86, எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவையாக இருந்தன. ஓர் எழுத்திலேயே சொல் வைத்தவர்கள் 15 பேர்! ராக்யூ கம்பெனியில் களவு போனவற்றுள் மிகுதியாகக் காணப்பட்ட சொல் '123456' என்பதே. ஆகவே ஒரே கணக்கின் வாசலில் ஒருவன் இடைவிடாது சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தால், சில முறைக்குப் பின் அவனைத் தாமதப்படுத்த வேண்டும். "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று ஒருவனுக்கும், "ஆள் உண்டு, சொல் தப்பு" என்று மற்றொருவனுக்கும் பதில் சொல்லலாகாது. இருவருக்கும் ஒரே பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் யார் யாருக்குக் கணக்கு உண்டு என்பதைக் காவலாளியே ஒப்பித்தவனாகிறான்.

மூன்று மாதத்துக்கொரு முறை சொல்லை மாற்றும்படி ஜனங்களை வதைக்கும் வழக்கமும் வீணானது. அப்படி வதைத்தால் பழைய சொல்லின் முடிவில் ஓர் எண்ணைக் கூட்டிவிட்டுப் போவார்கள். களவு போனதாகத் தெரிந்தால் ஒழியச் சொல்லை மாற்றும்படி கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க சர்க்காரின் தர நிர்ணய ஸ்தாபனம் 2017-லேயே கூறிவிட்டது. களவு போன சொற்களின் பட்டியலில் உள்ளதை மறுத்து, நீண்ட சொற்களை அனுமதிப்பதே மேல் என்பது அதன் யோசனை. நமது ஆபீசுகள் பல இன்னும் பழைய வழக்கத்தையே சாஸ்திரமாகப் பாவிக்கின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது?

நமது சட்டம் திருடனை மறக்கவில்லை. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 66-சி பிரிவின்படி, பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாக உபயோகிப்பவனுக்கு மூன்று வருஷம் வரையில் சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரையில் அபராதமும் விதிக்கலாம். நல்லது. ஆனால், சாவிகளை வாசற்படியில் கொட்டி வைத்த காவலாளியின் கதி என்ன?

2011-ல் மத்திய சர்க்கார் வகுத்த விதிகளில், தனிப்பட்ட நுட்பத் தகவல்கள் எவை என்ற பட்டியலின் முதலிலேயே கடவுச்சொல் வைக்கப்பட்டது. ஆனால் அவ்விதிகள் கம்பெனிகள் முதலிய வர்த்தக ஸ்தாபனங்களை நோக்கி எழுதப்பட்டவை. சர்க்கார் இலாகாக்களை அவை கட்டுப்படுத்தவில்லை. குடியானவன் வேண்டியோ வேண்டாமலோ நுழைந்தே தீர வேண்டிய வாசல்கள் சர்க்கார் வாசல்கள் அல்லவா? 2023-ம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்புச் செய்யத் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் விதிக்க இடந்தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசமும் கொடுக்கப்பட்டது.

'நியாயமான பாதுகாப்பு' என்றால் என்ன என்பதில்தான் நாளை வழக்குகள் எழும். வக்கீல்கள் இருபுறமும் வாதாடுவார்கள். நமது அபிப்பிராயம் இது: கடவுச்சொல்லை வாசிக்கக்கூடிய எழுத்தில் வைத்திருப்பது எந்தக் காலத்திலும், எந்தக் காரணத்தாலும் நியாயமான பாதுகாப்பு ஆகாது என்று விதியிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும். அதற்கு வாதமே இடம் பெறலாகாது. நாம் முன்பு குறித்த பேஸ்புக் விஷயத்தில், அதன் தாய்க் கம்பெனியாகிய மெட்டாவுக்கு அயர்லாந்து தேசத்துத் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் 2024 செப்டம்பரில் 9 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தார்கள். அயர்லாந்து சிறிய தேசம். சிறிய தேசத்திற்கு உள்ள உறுதி பெரிய தேசத்திற்கு இல்லாமற் போகலாமா?

செய்ய வேண்டியவை

முதலாவது, சர்க்காருக்கு. எந்த இலாகாவுக்கும் இணைய வாசல் செய்யும் ஒப்பந்தத்தில், சொல்லை உப்பிட்டு மெதுவாக அரைத்தே வைக்க வேண்டும், அயலார் சோதித்துச் சான்று தந்த பின்பே வாசல் திறக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்க வேண்டும். அன்றியும், தட்டெழுதத் தெரியாத குடியானவருக்கு உதவி செய்கிறவர், தமது சொந்தப் பெயரில், தமது சொந்தச் சொல்லால் நுழைந்து அவருக்காக மனுப்போட ஒவ்வொரு வாசலிலும் தனி வழி வேண்டும். அப்பொழுது பிறர் சொல்லை எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகத்திற்கே அவசியமிராது. யார் என்ன செய்தார் என்பதும் பதிவில் நிற்கும். கார்டு மூலம் இணையத்தில் பணம் செலுத்த இரண்டாவது சோதனையும் வேண்டுமென்று ரிசர்வ் பாங்க் 2009-லேயே ஏற்பாடு செய்தது மெச்சத்தக்கது. ஆனால் கைபேசியில் வரும் அந்த எண்ணையும் கடைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லும் நிலையில் நம் ஜனங்கள் இருக்கும் வரையில், இரண்டாவது பூட்டும் முதற் பூட்டின் கதியையே அடையும்.

இரண்டாவது, சிறுசேரியிலும் பரனூரிலும் உழைக்கும் நமது வாலிபர்களுக்கு. மேலதிகாரி அவசரப்படுத்தலாம், கம்பெனி சிக்கனம் பேசலாம். பேசினாலும், பிறருடைய இரகசியத்தை அறிந்துகொள்ளும் கதவை நீங்கள் செய்யாதீர்கள். பிழை கண்டுபிடிக்கும் பொருட்டு எழுதி வைக்கும் குறிப்புகளில்கூட அந்தச் சொல் விழாதபடி பாருங்கள். பேஸ்புக்கில் நேர்ந்த தவறு அத்தகையதே. லண்டன் பாங்குக்குச் செய்யும் ஜாக்கிரதையை உங்கள் ஊர் மீனவருக்கும் செய்யுங்கள்.

மூன்றாவது, வாசகர்களுக்கு. ஒரு வாசல் யோக்கியமானதா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. "சொல்லை மறந்துவிட்டேன்" என்று தெரிவியுங்கள். புதிய சொல் வைத்துக்கொள்ள வழி காட்டினால் சரி. "உமது பழைய சொல் இதோ" என்று அதையே திருப்பி எழுதி அனுப்பினால், அவர்களிடம் நோட்டுப் புத்தகம் இருக்கிறது என்று நிச்சயமாகக் கொள்ளுங்கள். நமக்கே ஒரு கம்பெனியிடமிருந்து அத்தகைய கடிதம் வந்ததுண்டு. மிகவும் உபகாரமான கடிதம் போலத்தான் இருந்தது. அக்கணக்கை அன்றே மூடிவிட்டோம். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். அதோடு, அச்சொல்லை வேறெங்கு வைத்திருந்தாலும் உடனே மாற்றுங்கள். பாங்குக்கு வைக்கும் சொல்லை வேறெதற்கும் வைக்காதீர்கள். கடைப் பிள்ளை எவ்வளவு நல்லவனாயினும் அவன் நோட்டில் உங்கள் வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

சொல்லே இல்லாமல், கைபேசியினுள் உள்ள திறவுகோலால் நுழையும் புதிய முறைகளும் பரவி வருகின்றன. அதிலும் தத்துவம் ஒன்றே: சரிபார்ப்பவனிடம் இரகசியம் இருக்கலாகாது. முறைகள் மாறலாம், இத்தத்துவம் மாறாது.

காவலாளி யோக்கியனா என்று ஆராய்வது கடினம். அவன் நாளைக்கும் யோக்கியனாகவே இருப்பானா என்று அறிவது அதனினும் கடினம். ஆகவே அவன் குணத்தை நம்பி இராமல், அவன் கையில் சாவி இல்லாதபடி செய்வதே புத்திசாலித்தனம். அவ்வாறு செய்ய வழி தெரிந்து ஐம்பது வருஷங்களுக்கு மேலாகின்றன. வழி தெரிந்த பின்னும் ஏழையின் சாவியை எழுதி வைத்துக்கொள்ளும் எந்த ஸ்தாபனமும், அது சர்க்காருடையதாயினும் தனியாருடையதாயினும், பொதுஜனங்களின் நம்பிக்கைக்குப் பாத்திரமாகாது.